லாபக் கோட்டின் அருகே ரொக்கக் கோடும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள் வெளியாகும் நாட்களில் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில், நிகர லாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட இத்தனை விழுக்காடு உயர்ந்தது அல்லது சரிந்தது என்ற செய்தியோடு, இரண்டே பட்டைகள் கொண்ட ஒரு படமும் அந்த நிறுவனப் பங்கின் ஓராண்டு விலைக் கோடும் அச்சாகின்றன. நெடுங்காலமாக மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் கற்பித்து வருபவன் என்ற முறையிலும், சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டுவைக்கும் வாசகர்களில் ஒருவன் என்ற முறையிலும், இந்த இரண்டு படங்களும் முதலீட்டு முடிவெடுக்கப் போதாதவை என்று சொல்ல விரும்புகிறேன். ஆண்டறிக்கை ஒன்றும் கணினியில் எக்செல் போன்ற ஒரு விரிதாள் மென்பொருளும் இருந்தால் எவரும் வரைந்துகொள்ளக்கூடிய சில படங்கள், அந்த இரண்டும் காட்டாத பலவற்றைக் காட்டும்.

விலைக் கோடு காட்டுவது சந்தையின் கருத்தை. அந்தப் பங்கை வாங்குபவரும் விற்பவரும் நாள்தோறும் எந்த விலைக்கு ஒத்துப்போனார்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. நிறுவனம் எவ்வளவு விற்றது, அதில் எவ்வளவு கையில் நின்றது, நின்றதை எங்கே போட்டது, யாரிடம் எவ்வளவு கடன் வாங்கியது ஆகியவை அனைத்தும் ஆண்டறிக்கையின் மூன்று அறிக்கைகளில் இருக்கின்றன. லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்பாய்வு அறிக்கை என்ற அந்த மூன்றையும் படிக்க அஞ்சுபவர்கள் கூட, அவற்றின் முக்கிய எண்களைப் பத்தாண்டுகளுக்கு ஒரே தாளில் வரிசைப்படுத்திப் படமாக்கினால், நிறுவனத்தின் போக்கைத் தாமாகவே கண்டுகொள்வார்கள். காலாண்டு எண் ஒன்றில் பண்டிகைக்கால விற்பனையும், ஒருமுறை மட்டுமே வந்த சொத்து விற்பனை லாபமும், வரிச் சலுகையும் கலந்து கிடக்கும். பத்தாண்டுப் படத்தில் அவை தனித்துத் துருத்திக்கொண்டு தெரியும்.

பங்குச் சந்தை இணையதளங்களே இப்போது ஆயத்தப் படங்களைத் தருகின்றனவே, பிறகு எதற்கு நாம் வரைய வேண்டும் என்று கேட்கப்படலாம். எண்களை ஆண்டறிக்கையிலிருந்து நாமே எடுத்து உள்ளிடும்போதுதான் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது தெரியும் என்பதே என் பதில். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா, தாய் நிறுவனத்தின் தனிக்கணக்கா? கணக்கு ஆண்டின் முடிவு மாதத்தை மாற்றியதால் ஒரு 'ஆண்டு' பதினைந்து மாதங்களாக நீண்டிருக்கிறதா? சென்ற ஆண்டு வெளியிட்ட எண்ணை இந்த ஆண்டு அறிக்கையில் திருத்தி எழுதியிருக்கிறார்களா? ஆயத்தப் படம் இவற்றில் எதையும் சொல்லாது. உள்ளிடும் கை மட்டுமே தடுமாறி நின்று, ஏன் பொருந்தவில்லை என்று கேட்கும். திருத்தப்பட்ட எண்ணைக் கண்டால் பழையதை அழித்துவிடாமல் அருகே இன்னொரு நெடுவரிசையில் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் அடிக்கடி திருத்துவதே ஒரு நிறுவனத்தைப் பற்றிய செய்திதான்.

நான் முதலில் வரையச் சொல்லும் படம் ஒன்றே ஒன்று. கிடைமட்ட அச்சில் ஆண்டுகள்; அதன் மேல் நிகர லாபத்துக்கு ஒரு கோடு, செயல்பாடுகளிலிருந்து, அதாவது அன்றாடத் தொழிலிலிருந்து, வந்த ரொக்கத்துக்கு ஒரு கோடு, அந்த ரொக்கத்திலிருந்து மூலதனச் செலவை (இயந்திரம், கட்டடம் போன்ற நீடித்த சொத்துகளுக்குப் போன பணத்தை) கழித்து மிஞ்சுவதற்கு மூன்றாவதாக ஒரு கோடு. லாபம் என்பது கணக்கு விதிகளின்படி கணிக்கப்படும் எண். சரக்கு கைமாறிய அன்றே, பணம் வராவிட்டாலும், விற்பனை பதிவாகிவிடும். இயந்திரத்தின் விலை ஒரே ஆண்டில் செலவாகாமல் தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பரவும். ஆகவே ஓராண்டில் லாபமும் ரொக்கமும் வேறுபடுவது இயல்பு. ஆனால் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாய் நடக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஒரு நிறுவனத்தின் லாபம் 100, 120, 145, 175, 210 என்று ஏறி, செயல்பாட்டு ரொக்கம் 95, 90, 70, 60, 40 என்று இறங்கினால், கூட்டுத்தொகையில் 750 ஈட்டியதாகச் சொல்லும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த பணம் 355 மட்டுமே. நாளிதழ்ச் செய்தி ஐந்து ஆண்டும் 'லாபம் உயர்வு' என்றே வந்திருக்கும். அட்டவணையிலும் எண்கள் ஐந்து வரிகளில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். படத்தில் மட்டும் இரண்டு கோடுகளும் கத்தரியின் வாய் போல விரிந்து நிற்கும்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே படிக்க வேண்டிய பொருள் என்பது புதிய கருத்து அன்று. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் இரு கோடுகளாக ஒரே படத்தில் வரைந்து, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியை வணிக உபரி என்றும் பற்றாக்குறை என்றும் பிரித்துக் காட்டினார். அட்டவணையில் பல பக்கம் நீளும் எண்பது ஆண்டு வணிகத்தை ஒரு பார்வையில் அடக்கிய அந்த முறையைத்தான், கணக்கறிக்கையின் மீது நாம் இன்று பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கோடு எதற்கு என்பதை அமெரிக்காவின் வேர்ல்டுகாம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வரலாறு விளக்கும். பிற நிறுவனங்களின் இணைப்புத் தடங்களைப் பயன்படுத்தியதற்காகச் செலுத்திய கட்டணத்தை அன்றாடச் செலவாகக் காட்டாமல் மூலதனச் சொத்தாகப் பதிந்துவந்ததாக அந்நிறுவனம் 2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புக்கொண்டது. அன்று சொன்ன தொகை 380 கோடி டாலருக்கு மேல். பிறகு விசாரணையில் அது இன்னும் பெருகியது. இந்த ஏற்பாட்டால் லாபம் மட்டும் உயரவில்லை. செலவு 'முதலீடு' என்ற தலைப்புக்கு இடம் மாறியதால் செயல்பாட்டு ரொக்கமும் சேர்ந்து உயர்ந்தது. முதல் இரண்டு கோடுகளை மட்டும் வரைந்தவருக்கு இரண்டும் இணையாகவே தெரிந்திருக்கும். மூலதனச் செலவைக் கழித்த மூன்றாவது கோடு இந்த இடமாற்றத்தால் பாதிக்கப்படுவதில்லை. எந்தத் தலைப்பில் எழுதினாலும் போன பணம் போனதுதான்.

அமெரிக்காவின் என்ரான் எரிசக்தி நிறுவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு படத்தை மட்டும் நம்புவதன் ஆபத்து அங்கே இருக்கிறது. 1999ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,000 கோடி டாலராக இருந்த அதன் வருவாய் 2000ஆம் ஆண்டில் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. வருவாய்ப் பட்டைகளை மட்டும் வரைந்தால் வியப்பே மிஞ்சும். அதே ஆண்டுகளில் நிகர லாபம் 89 கோடியிலிருந்து 98 கோடி டாலருக்குத்தான் நகர்ந்தது. அதாவது வருவாயில் லாபத்தின் பங்கு 2.2 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கும் கீழே போனது. எரிசக்தி வணிகத்தில் கைமாறிய ஒப்பந்தங்களின் முழு மதிப்பையும் வருவாயாக எழுதியதால் வந்த வளர்ச்சி அது. ஆனால் 2000ஆம் ஆண்டின் செயல்பாட்டு ரொக்கம் 470 கோடி டாலருக்கு மேல் என்று அறிக்கை காட்டியது. லாபத்தைவிடப் பல மடங்கு அதிகமான அந்த ரொக்கத்தில், வங்கிகளிடம் வாங்கிய கடன்களே வணிக ஒப்பந்தங்களின் வேடத்தில் கலந்திருந்தன என்பது பின்னரே தெரியவந்தது. 2001 டிசம்பர் 2ஆம் தேதி அந்த நிறுவனம் திவால் மனு அளித்தது. எனவே ரொக்கக் கோடு லாபக் கோட்டுக்குக் கீழே போனால் மட்டுமல்ல, காரணமின்றி மிக மேலே எழுந்தாலும் அறிக்கையின் குறிப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். வருவாயில் லாபத்தின் விழுக்காட்டுக்கும் தனியே ஒரு கோடு வரைய வேண்டும்.

இந்த ரொக்க ஒப்பீடு வங்கிகளுக்கும் காப்பீட்டு, நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைப்புத்தொகை பெறுவதும் கடன் கொடுப்பதுமே அவற்றின் அன்றாடத் தொழில் என்பதால், செயல்பாட்டு ரொக்கம் என்ற எண்ணுக்கு அங்கே இதே பொருள் கிடையாது. அவற்றுக்கு வாராக்கடன் விகிதம், அந்தக் கடன்களுக்கான ஒதுக்கீடு, நட்டத்தைத் தாங்கும் அளவுக்குச் சொந்த மூலதனம் இருப்பதைக் காட்டும் மூலதனப் போதுமை ஆகியவற்றின் படங்களே வேண்டும்.

லாபமும் ரொக்கமும் விரிந்து போகும் நிறுவனத்தில் பணம் எங்கே நின்றுவிட்டது என்பதை அறிய இருப்புநிலைக் குறிப்புக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகையை ஆண்டு விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், விற்ற பணம் கைக்கு வரச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பது கிடைக்கும். விற்பனை 1,000ஆக இருந்தபோது வரவேண்டியது 150 என்றால் அது 55 நாள். விற்பனை 2,000ஆக வளர்ந்து வரவேண்டியது 600 ஆகிவிட்டால் அது 110 நாள். விற்பனை இரு மடங்கானது என்று மகிழ்வதற்கு முன்பு, தவணையை நீட்டிக் கொடுத்துச் சரக்கைத் தள்ளிவிட்டார்களா என்று கேட்க வேண்டிய இடம் இது. கையிருப்புச் சரக்குக்கும் இதேபோல் நாள் கணக்குப் போட்டு இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால் போதும்.

பங்குதாரர் முதலீட்டின் மீதான வருவாய் விகிதத்தை (பங்குதாரர் பணத்தில் நிகர லாபம் எத்தனை விழுக்காடு என்பதை) பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது பாராட்டி எழுதப்படுவதைக் காண்கிறேன். அந்த விகிதத்தை ஒற்றைக் கோடாக வரைவது பெரும்பாலும் ஏமாற்றமே தரும். டுபாண்ட் நிறுவனத்தின் நிதித் துறையில் பணியாற்றிய டொனால்ட்சன் பிரவுன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலீட்டின் மீதான வருவாயை லாப விழுக்காடு (விற்பனையில் லாபத்தின் பங்கு), சொத்துச் சுழற்சி (சொத்துகளைப் போல் விற்பனை எத்தனை மடங்கு) என்ற இரண்டின் பெருக்கமாகப் பிரித்தார். கடன் பங்கைக் காட்டும் மூன்றாவது காரணி பின்னர் சேர்ந்தது. லாபம் 9 விழுக்காடு, சொத்துச் சுழற்சி 1 மடங்கு, பங்குதாரர் பணத்தைப் போல் சொத்துகள் 2 மடங்கு என்றால் வருவாய் 18 விழுக்காடு. சில ஆண்டுகள் கழித்து லாபம் 6 விழுக்காடாகக் குறைந்து, கடன் பெருகியதால் சொத்துகள் 3 மடங்கானாலும் வருவாய் அதே 18தான். கோடு சமதளமாக ஓடிக்கொண்டிருக்க, அதன் அடியில் தொழில் மெலிந்து கடன் பருத்திருக்கும். மூன்று காரணிகளையும் மூன்று சிறு படங்களாக ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் இது மறையாது.

இனி, படம் வரையும் முறையைப் பற்றி. எக்செல் போன்ற மென்பொருள்கள், எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் செங்குத்து அச்சைத் தாமாகவே பூஜ்ஜியத்துக்கு மேலே தொடங்கிவிடும். 950இலிருந்து 1,000ஆக உயர்ந்த விற்பனை, கடைசிப் பட்டை முதல் பட்டையைப் போல் சில மடங்கு உயரம் என்று தோன்றும்படி அச்சாகிவிடும். பட்டையின் நீளமே அளவு என்பதால் பட்டை வரைபடத்துக்கு அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கியே ஆக வேண்டும். தங்கள் நாளிதழில் வரும் இரு பட்டைப் படங்களிலும் இந்தக் குறை இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அது வேண்டுமென்றே செய்யப்படுவதாக நான் கருதவில்லை. இடப்பக்கம் ஒரு அளவுகோலும் வலப்பக்கம் வேறொரு அளவுகோலும் வைத்து இரண்டு கோடுகளைப் பொருத்துவதும் இதைப் போலவே ஆபத்தானது. அளவுகோலைச் சற்று நகர்த்தினால் எந்த இரண்டு கோடுகளையும் சேர்ந்து நடக்கவைக்கவும் முடியும், வெட்டிக்கொள்ளவைக்கவும் முடியும். லாபத்தையும் ரொக்கத்தையும் ஒப்பிடும் படத்தில் ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மென்பொருள் தரும் வளைவாக்கிய கோடுகளையும் முப்பரிமாணப் படங்களையும் முற்றிலும் தவிர்க்கலாம்.

நீண்ட கால வளர்ச்சியைப் பார்க்கும்போது மடக்கை அளவுகோலை, அதாவது சம மடங்கு உயர்வுகளைச் சம உயரமாகக் காட்டும் அளவுகோலை, தேர்ந்தெடுப்பது அவசியம் என்று கருதுகிறேன். ஆண்டுக்குச் சீராக 15 விழுக்காடு வளரும் நிறுவனத்தின் விற்பனை 100இலிருந்து பத்தாண்டுகளில் ஏறத்தாழ 405 ஆகும். முதலாண்டில் கூடுவது 15. பத்தாம் ஆண்டில் கூடுவது 53. சாதாரண அளவுகோலில் அது வரவர வேகமெடுப்பதுபோல் மேல்நோக்கி வளையும். உண்மையில் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மடக்கை அளவுகோலில் அதே வளர்ச்சி நேர்கோடாக விழும். வேகம் குறையத் தொடங்கும் ஆண்டில் கோடு தணிவது கண்ணுக்குத் தெரியும். நட்டம் வந்த ஆண்டுகளை அந்த அளவுகோலில் வரைய இயலாது என்பதால் லாபத்துக்குப் பதிலாக விற்பனைக்கு அதைப் பயன்படுத்துவது பொருத்தம். பங்கு ஒன்றுக்கான ஈட்டத்தை வரைபவர்கள், பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும் பங்குப் பிரிப்பும் போனஸ் பங்கு வழங்கலும் நடந்த ஆண்டுகளுக்கு முந்தைய எண்களை அதே விகிதத்தில் சரிசெய்துகொள்ளாவிட்டால், ஈட்டம் ஒரே ஆண்டில் பாதாளத்துக்குச் சரிந்ததாகப் படம் சொல்லும்.

கோப்பைப் பராமரிப்பதில் ஒரு சொல் போதும். எண் கிடைக்காத கட்டத்தில் சிறு கோடு இட்டால், கோட்டு வரைபடம் அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு பள்ளம் காட்டும். ஆகவே அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட வேண்டும். புதிய ஆண்டின் எண்களைச் சேர்த்த பிறகு படத்தின் எல்லையும் சூத்திரங்களின் எல்லையும் அந்த ஆண்டு வரை நீண்டிருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் அரசுக் கடனைப் பற்றி 2010இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், சராசரி காணும் சூத்திரம் கடைசி ஐந்து நாடுகளை விட்டுவிட்டு முன்னதாகவே நின்றுவிட்டிருந்ததை, 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மூலக் கோப்பைப் பெற்றுச் சரிபார்த்தபோதுதான் உலகம் அறிந்தது. எண்கள் வெளியே வந்தால்தான் பிழையும் வெளியே வரும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். என் கோரிக்கையும் இதை ஒட்டியே அமைகிறது.

அதற்கு முன், இந்தப் படங்களால் முடியாததையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கொடுத்த எண்ணைத்தான் படம் வரையும். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7ஆம் தேதி எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இருப்பே பொய்யாகும்போது அதைக் கொண்டு வரைந்த கோடும் பொய்தான். அதைப் பிடிக்க வேண்டியது தணிக்கையாளரின் பொறுப்பு. அதேபோல், மென்பொருள் வரைந்து தரும் போக்குக்கோட்டை எதிர்காலத்துக்குள் நீட்டி, அடுத்த ஐந்தாண்டு லாபத்தை அங்கே படிப்பதை நான் ஏற்கவில்லை. ஐந்து, பத்துப் புள்ளிகளின் மேல் போட்ட கோடு நடந்ததன் சுருக்கம் மட்டுமே. அடுத்த ஆண்டு போட்டியாளர் வருவதும், மூலப்பொருள் விலை ஏறுவதும், மேலாண்மை மாறுவதும் அந்தக் கோட்டில் எழுதப்பட்டிருக்காது. படங்கள் கேள்விகளை எழுப்பும். பதில்களுக்கு ஆண்டறிக்கையின் பின்பகுதியில் உள்ள குறிப்புகளையும் தணிக்கையாளர் அறிக்கையையும் வாசிக்க வேண்டும். அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களில் எங்கே தொடங்குவது என்று திகைக்கும் சிறு முதலீட்டாளருக்கு, எந்த ஆண்டின் எந்தக் குறிப்பைத் திறக்க வேண்டும் என்று படம் காட்டிக்கொடுக்கும். இந்த உதவியைச் சிறியதென்று நான் எண்ணவில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இவை. காலாண்டுச் செய்தியோடு வரும் இரு பட்டைப் படத்தை நிறுத்திவிட்டு, அந்தக் காலாண்டு வரையிலான கடைசி நான்கு காலாண்டுகளின் கூட்டுத்தொகையைப் பல ஆண்டுகளுக்குக் கோடாக வெளியிட வேண்டுகிறேன். பருவகால ஏற்ற இறக்கம் அதில் அடங்கிவிடும். நிறுவனங்களின் ஆண்டு முடிவுச் செய்தி வரும்போது நிகர லாபத்துக்கு அருகிலேயே செயல்பாட்டு ரொக்கத்தையும் மூலதனச் செலவையும் ஒரே அளவுகோலில் வரைந்து வெளியிட வேண்டுகிறேன். படத்துக்குக் கீழே அதன் எண்களையும், அவை ஒருங்கிணைந்த கணக்கைச் சேர்ந்தவையா தனிக்கணக்கைச் சேர்ந்தவையா என்பதையும் சிறிய எழுத்திலேனும் அச்சிட்டால், வாசகர் அவற்றைத் தம் விரிதாளில் உள்ளிட்டுத் தாமே வரைந்து பார்ப்பார். அச்சில் இடம் போதாவிட்டால் எண்களைக் கோப்பாக இணையப் பதிப்பில் ஏற்றிவைத்து, அதன் முகவரியைச் செய்தியின் அடியில் குறிப்பிடலாம். படத்தில் தவறு இருந்தால் வாசகர்கள் அதைக் கொண்டே தங்களுக்கு எழுதுவார்கள்.

இப்படிக்கு,
கணக்குப்பதிவியல் ஆசிரியராகப் பணிபுரியும் தங்கள் வாசகர்